சொத்து வரி: கட்டுவதற்கு முன் அந்தக் காகிதத்தை வாசியுங்கள்

சென்னைப் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மூன்று வருடம், அதாவது ஆறு அரையாண்டுகள், நான் கூடுதலாகச் சொத்து வரி கட்டியிருக்கிறேன். யாரும் ஏமாற்றவில்லை. வீட்டின் பரப்பு 1,060 சதுர அடி. வரிப் பதிவில் அது 1,260 என்று ஏறியிருந்தது. ஒரே ஒரு எண் மாறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். நான் அதைக் கவனிக்கவேயில்லை. குறுஞ்செய்தி வரும், தொகையைப் பார்ப்பேன், போனிலேயே கட்டிவிடுவேன், ரசீதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன். அப்பா பெயரில் இருந்த வரியை அம்மா பெயருக்கு மாற்றுவதற்காக எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி வைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், பழைய வரி அட்டையில் ஒரு எண்ணும் புதிய ரசீதில் வேறு எண்ணும் இருப்பது கண்ணில் பட்டது.

அதன் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன், அலுவலகத்துக்கும் பலமுறை போய் வந்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்குத் தங்கள் வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்றே தெரியவில்லை, நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருப்பவர்களுக்கும் தெரியவில்லை. அதனால்தான் எனக்குத் தெரிந்ததை முழுசாக எழுதிவைக்கிறேன். இது தமிழ்நாட்டில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கானது. வேறு மாநிலங்களில் முறை வேறு.

முதலில், இது எந்த வரி?

நிறையப் பேர் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பட்டா, கிஸ்தி, நிலவரி எல்லாம் வருவாய்த் துறை, அதாவது வி.ஏ.ஓ., தாலுகா அலுவலகம் சம்பந்தப்பட்டவை. பத்திரமும் வில்லங்கச் சான்றும் பதிவுத் துறை. சொத்து வரி இந்த இரண்டும் இல்லை. அது உங்கள் ஊரின் மாநகராட்சியோ நகராட்சியோ பேரூராட்சியோ வாங்குவது. கிராம ஊராட்சியாக இருந்தால் அதையே வீட்டு வரி என்பார்கள், 1994-ம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சி வசூலிக்கிறது. பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டது என்பதால் வரியும் தானாக மாறியிருக்கும் என்று நினைக்காதீர்கள், பத்திரம் பதிந்தால் எல்லாம் தானே நடந்துவிடும் என்றும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஒவ்வோர் அலுவலகத்திலும் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்வதுதான் நல்லது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் சொத்து உங்களுடையது ஆகிவிடாது. வரி ரசீது உரிமை ஆவணம் இல்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பத்திரம்தான் உரிமை. ஆனால் மின் இணைப்பில் பெயர் மாற்றப் போனாலும், வீட்டை அடமானம் வைத்து வங்கியில் கடன் கேட்டாலும், விற்கப் போனாலும் நடப்பு வரை கட்டிய வரி ரசீதைக் கேட்பார்கள். உரிமை தராத காகிதம்தான், ஆனாலும் அது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது.

சென்னை நெடுங்காலம் 1919-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இருந்தது, மற்ற நகராட்சிகள் 1920-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இருந்தன. 2023 ஏப்ரலில்தான் எல்லா நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் பொதுவான சட்டமும் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. வீட்டில் பெரியவர்கள் சொல்லும் விவரங்கள், பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருடத்துக்கு முன்பு செய்த வழி, இவற்றில் பல இப்போது பொருந்தாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். எந்தத் தகவலாக இருந்தாலும் 2023-க்குப் பிறகும் அது அப்படியேதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தொகை எங்கிருந்து வருகிறது

இந்த வரியின் அடிப்படை மிகப் பழைய யோசனை. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு வரும் என்று உள்ளாட்சி ஒரு மதிப்பு போடும். அதற்கு ஆண்டு மதிப்பு என்று பெயர். அதில் ஒரு சதவீதம்தான் வரி. நீங்கள் உண்மையில் வாங்கும் வாடகை இதில் வராது, வீட்டின் சந்தை விலையும் நேரடியாக வராது.

சென்னையை எடுத்துக்கொண்டால், 1998-ல் தெருவாரியாக ஒரு அடிப்படை வீதம் நிர்ணயித்தார்கள். குடியிருப்புக்குச் சதுர அடிக்கு 60 பைசாவில் தொடங்கி 2 ரூபாய் 40 பைசா வரை, வணிகக் கட்டடத்துக்கு 4 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரை. உங்கள் வீடு 800 சதுர அடி, தெருவின் வீதம் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வாடகை மதிப்பு 1,600 ரூபாய். இதை 12-ஆல் பெருக்க மாட்டார்கள், 10.92-ஆல் பெருக்குவார்கள். இந்த 10.92 எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. விஷயம் எளிமையானது: மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு என்று தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதி கட்டடப் பங்கில் பத்தில் ஒன்றைப் பழுதுபார்க்கும் செலவுக்காகக் கழிக்கிறார்கள். 12-ல் 1.08 போனால் 10.92. ஆக, இந்த வீட்டின் ஆண்டு மதிப்பு 17,472 ரூபாய். நீங்களே குடியிருந்தால் சலுகை, கட்டடம் பழையதானால் தேய்மானக் கழிவு என்று இதிலும் கொஞ்சம் குறையும். மீதித் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் அரையாண்டு வரி.

மற்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு என்று இல்லாமல் ஊரை மண்டலங்களாகப் பிரித்து வீதம் வைத்திருப்பார்கள். கடைத்தெருப் பக்கம் கூடுதல், ஊர் ஓரத்தில் குறைவு. கான்கிரீட் தளமா ஓட்டு வீடா என்பதும் கணக்கில் வரும்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் போகும் விவரங்கள் நான்குதான் என்பதை மறக்க வேண்டாம்: எத்தனை சதுர அடி, எந்தத் தெரு அல்லது மண்டலம், எந்த வகைக் கட்டடம் எப்போது கட்டியது, குடியிருப்பா வணிகமா. இவற்றில் ஒன்று தப்பானாலும் தொகை தப்பாகும். கணினி தப்பாகக் கூட்டாது, ஆனால் அதற்குள் ஏற்றிய எண் தப்பாக இருந்தால் அது என்ன செய்யும்?

2022-ல் என்ன நடந்தது, ஏன் 1,200 என்ற எண் முக்கியம்

சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் 2018 வரை பொதுவான வரிச் சீராய்வு நடக்கவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள், அடுத்த வருடமே அதை நிறுத்திவைத்தார்கள். பதினைந்தாவது நிதிக் குழு, சொத்து வரியைச் சீராக்கும் உள்ளாட்சிகளுக்குத்தான் மானியம் என்று நிபந்தனை போட்டது. அதன் பிறகு 2022 ஏப்ரலில் பெரிய உயர்வு வந்தது.

அந்த உயர்வு எல்லாருக்கும் ஒரே சதவீதம் இல்லை. பழைய சென்னையில் 600 சதுர அடி வரை 50%, 601 முதல் 1,200 வரை 75%, 1,201 முதல் 1,800 வரை 100%, அதற்கு மேல் 150%. 2011-ல் சென்னையோடு சேர்ந்த பகுதிகளுக்கும் மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கும் இதே படிகளில் 25%, 50%, 75%, 100%. பழைய சென்னையில் 600 சதுர அடி வீட்டுக்கு 810 ரூபாய் கட்டியவர்கள் 1,215 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று என்று அப்போது அரசே கணக்குச் சொன்னது.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். எங்கள் பழைய அரையாண்டு வரி 800 ரூபாய். 1,060 சதுர அடிக்கு 50% உயர்ந்து 1,200 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். பதிவில் 1,260 என்று இருந்ததால் அடுத்த படிக்கு ஏறி 75% ஆகி, 1,400 ரூபாய் வந்தது. எல்லாரும் உயர்வு உயர்வு என்று பேசிக்கொண்டிருந்த நேரம், நானும் உயர்வு என்றுதான் நினைத்தேன். அரையாண்டுக்கு 200 ரூபாய் பெரிய தொகை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தப்பான தொகைமேல்தான் அடுத்த உயர்வும் ஏறும். எங்களுக்கு 2024-25 இரண்டாம் அரையாண்டில் 6% ஏறியபோது அந்த 200 ரூபாய் 212 ஆனது. விட்டிருந்தால் அது வளர்ந்துகொண்டே போயிருக்கும், அம்மாவுக்குப் பிறகு என் பெயரிலும் தொடர்ந்திருக்கும்.

உங்கள் வீடு 600, 1,200, 1,800 என்ற இந்த எல்லைகளுக்குப் பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து இன்றே ரசீதில் என்ன பரப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பில்டர் விற்கும்போது சொன்ன, பொது இடங்களின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் பரப்பு ஒன்று, கட்டட வரைபடத்தில் இருக்கும் பரப்பு ஒன்று, சுவருக்குள் அளந்தால் வருவது ஒன்று. வரிப் பதிவில் எதை எடுத்திருக்கிறார்கள், அதே கட்டடத்தில் அதே அளவு வீடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பயன்பாடும் அப்படித்தான். கீழ்த்தளத்தில் எப்போதோ ஒரு தையல் கடையோ மருந்துக் கடையோ வாடகைக்கு விட்டிருப்பீர்கள், கடை காலி ஆகி ஐந்து வருடம் ஆகியிருக்கும், பதிவில் மட்டும் அது வணிகமாகவே இருக்கும். மேலே சொன்ன வீதங்களைப் பாருங்கள், வணிகம் என்றால் பல மடங்கு. குடியிருப்பாக மாறிவிட்டது என்று நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்களாக வந்து மாற்றித் தர மாட்டார்கள். இதன் மறுபக்கமும் உண்டு, வீட்டின் முன்அறையை இப்போது கடையாக்கினால் அதையும் தெரிவித்துவிடுங்கள், பிறகு கண்டுபிடித்து மொத்தமாகக் கேட்கும்போது வரும் சிரமம் பெரிது.

எப்போது கட்டினால் லாபம்

வருடத்துக்கு இரண்டு தவணை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டாம் அரையாண்டு. ஒவ்வோர் அரையாண்டிலும் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் கட்டினால் 5% ஊக்கத்தொகை என்று கழித்துக்கொள்வார்கள், அதிகபட்சம் 5,000 ரூபாய். சென்னையில் முன்பு இது 15 நாள்தான், அதனால் இன்னமும் ஏப்ரல் 15 தாண்டிவிட்டது என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது.

அரையாண்டு முடிந்தும் கட்டாவிட்டால் மாதத்துக்கு 1% தனி வட்டி ஏறத் தொடங்கும். நிலுவை இருந்தால் நீங்கள் கட்டும் பணம் முதலில் பழைய பாக்கிக்குத்தான் போகும். அதனால் நடப்புக்கு மட்டும் கட்டுகிறேன், பழையதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்ற கணக்கு நடக்காது.

என் பழக்கம் இதுதான்: ஏப்ரல் முதல் வாரம், அக்டோபர் முதல் வாரம், இரண்டுக்கும் போனில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். பில் வீட்டுக்கு வரும் என்று காத்திருக்காதீர்கள். பல ஊர்களில் காகிதமே வருவதில்லை, வராவிட்டாலும் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்புதான்.

எப்படிக் கட்டுவது

சென்னை மாநகராட்சிக்குள் வீடு என்றால் மாநகராட்சியின் இணையதளத்தில் கட்டலாம், நம்ம சென்னை செயலியிலும் கட்டலாம். உங்களுக்குத் தேவை நான்கு பகுதி கொண்ட பில் எண்: மண்டலம், கோட்டம், பில் எண், துணை எண். பழைய ரசீதின் மேல்பக்கத்தில் இருக்கும். 2011-ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் சென்னையோடு சேர்ந்து 200 வார்டுகள் ஆனபோது நிறைய எண்கள் மாறின. அதனால் அப்பா காலத்து ரசீதில் இருக்கும் எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது என்று பயந்துவிடாதீர்கள். மண்டல அலுவலகத்தில் பழைய ரசீதைக் காட்டினால் புதிய எண்ணைச் சொல்வார்கள்.

மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளுக்கு நகராட்சி நிர்வாகத் துறையின் டிஎன் அர்பன் இபே தளம். அங்கே ஊரைத் தேர்ந்தெடுத்து வரி விதிப்பு எண்ணைக் கொடுக்க வேண்டும். கிராம ஊராட்சிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறையின் தனித் தளம் இருக்கிறது, வீட்டு வரியோடு குடிநீர்க் கட்டணத்தையும் அதிலேயே கட்டலாம். ஊராட்சி எழுத்தரிடம் கையில் காசு கொடுத்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டார் என்று திரும்பி வரும் காலம் போய்விட்டது. கணினி ரசீது கையில் வாங்காமல் எங்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இணையம் வராது என்றால் மண்டல அலுவலகத்திலோ வார்டு அலுவலகத்திலோ வரி வசூல் மையத்திலோ நேரில் கட்டலாம், இ-சேவை மையங்களிலும் கட்டலாம். பில் கலெக்டர் வீட்டுக்கு வந்தால் காசோலையாகக் கொடுங்கள், அல்லது அவர் வைத்திருக்கும் கருவியில் கார்டு தேய்த்துக் கட்டிவிட்டு அங்கேயே ரசீது வாங்குங்கள்.

பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் வரும் பெயர், கதவு எண், தெரு மூன்றையும் ஒருமுறை படியுங்கள். ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டால் வேறொருவர் வரியைக் கட்டிவிடுவீர்கள், அதைத் திரும்ப வாங்குவது பெரும் அலைச்சல். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை என்றால் உடனே மறுபடி கட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் பொறுத்து அதே எண்ணைப் போட்டு நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் பதிவாகியிருக்கும், அல்லது பணம் வங்கிக்கே திரும்பியிருக்கும். வரி பாக்கி, உடனே கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று லிங்க்கோடு வரும் குறுஞ்செய்திகளைத் தொடவே வேண்டாம், நீங்களாகத் தளத்துக்குப் போய்க் கட்டுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லி வையுங்கள், அவர்களைக் குறிவைத்துத்தான் இவை வருகின்றன.

ரசீதைப் பி.டி.எஃப்-ஆக எடுத்து, ஒரு பிரதியை அச்சடித்துப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். தளங்கள் மாறும்போது பழைய ரசீதுகள் சில நேரம் காணாமல் போகின்றன.

அப்புறம், சென்னையில் சொத்து வரி கட்டினால் தண்ணீருக்கும் கட்டியாயிற்று என்று அர்த்தம் இல்லை. மெட்ரோ வாட்டரின் குடிநீர், கழிவுநீர் வரி தனி. மாநகராட்சி போட்ட ஆண்டு மதிப்பை வைத்தே அதையும் கணக்கிடுகிறார்கள். ஆண்டு மதிப்பில் தப்பு இருந்தால் இரண்டு இடத்திலும் கூடுதலாகக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். மற்ற ஊர்களில் குடிநீர்க் கட்டணம், பாதாள சாக்கடைக் கட்டணம், குப்பை எடுக்கும் கட்டணம் எல்லாம் அதே தளத்தில் தனித்தனி வரிசையில் நிற்கும், எல்லாவற்றையும் பாருங்கள்.

ரசீதில் நூலக வரி என்று ஒரு சிறு தொகை இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வற்புறுத்தியதும், அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் அதை எடுத்துச் சென்றதும் அதற்குக் காரணம். எங்கள் தெருமுனையில் இருக்கும் கிளை நூலகத்தில்தான் நான் பள்ளி நாட்களில் படித்தேன். அந்த வரியை மட்டும் நான் ஒருபோதும் பாரமாக நினைத்ததில்லை.

பெயர் மாற்றம், புது வீடு

வீடு வாங்கியவர்கள் பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீது இவற்றோடு விண்ணப்பித்தால் பெயர் மாறும், இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாங்குவதற்கு முன்பே அந்த எண்ணைப் போட்டு நிலுவை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். சொத்து வரி பாக்கி ஆளைத் தொடர்வதில்லை, வீட்டைத் தொடர்கிறது. பழையவர் கட்டாமல் விட்டது உங்கள் தலையில்தான் விழும்.

இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் தேவைப்படும். எங்கள் வீட்டில் அப்பா போன பிறகு ஐந்து வருடம் இதைத் தள்ளிப்போட்டோம். அதற்குள் ஒரு தங்கை வெளிநாடு போய்விட்டாள், அவளுடைய கையெழுத்துக்கே இரண்டு மாதம் ஆனது. எல்லாரும் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

புதிதாகக் கட்டியவர்கள், அவர்களாக வந்து அளந்து வரி போடட்டும் என்று இருந்துவிடாதீர்கள். பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், பணி நிறைவுச் சான்று, மின் இணைப்பு விவரம் இவற்றோடு புதிய வரி விதிப்புக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்தால் முன்தேதியிட்டு மொத்தமாகப் போடுவார்கள். காலி மனைக்கும் காலி மனை வரி உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது, கட்டட அனுமதிக்குப் போய் நிற்கும்போதுதான் அந்த ரசீதைக் கேட்பார்கள். புது அடுக்குமாடிகளில் உங்கள் வீட்டுக்குத் தனி எண் வந்துவிட்டதா, இன்னும் பில்டர் பெயரிலேயே இருக்கிறதா என்று சாவி வாங்கிய வருடமே பாருங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். அந்த வருடத்தில் நீங்கள் உண்மையில் கட்டிய சொத்து வரியை, வாடகை வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு வருமான வரி கணக்கிடலாம். பழைய பாக்கியை இந்த வருடம் கட்டியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வரியை வாடகைதாரர் கட்டினால் அந்தக் கழிவு உங்களுக்குக் கிடையாது. நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தாது.

தப்பு இருந்தால்

சீராய்வின்போது அறிவிப்பு வந்தால் அதில் எத்தனை நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று போட்டிருக்கும். அந்த நாளை விடாதீர்கள், அதற்குள் எழுதிக் கொடுத்தால் வேலை எளிது. முதலில் ஆணையருக்கு மனு, அவர் முடிவு சரியில்லை என்றால் அதற்கு மேல் முறையீடு என்று வழி இருக்கிறது. மனு போட்டிருக்கிறேன் என்று வரி கட்டாமல் நிறுத்திவிடாதீர்கள், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

நான் செய்தது இதுதான். ஒரு பக்கத்தில் மனு: வரி விதிப்பு எண், பதிவில் இருக்கும் பரப்பு, உண்மையான பரப்பு, எந்த அரையாண்டிலிருந்து தப்பு, என்ன கேட்கிறேன். கோபம், வருத்தம் எதையும் அதில் எழுதவில்லை. அதோடு அனுமதி வரைபடத்தின் நகல், பத்திர நகல், 2022-க்கு முந்தைய ரசீது ஒன்று, பிந்தைய ரசீது ஒன்று. இரண்டு ரசீதிலும் பரப்பு இருக்கும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டேன். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். இந்த முத்திரை மிக முக்கியம், அது இல்லாமல் நீங்கள் மனு கொடுத்தீர்கள் என்பதற்கே சாட்சி கிடையாது.

முதல் மனுவைக் காணோம் என்றார்கள். முத்திரை வைத்த நகலைக் காட்டினேன், தேடி எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து வருவாய் ஆய்வாளர் ஒருவர் டேப்போடு வந்தார், வெயிலில் வீட்டைச் சுற்றி நடந்து நிதானமாக அளந்தார், அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு 1,060 என்று தன் குறிப்பேட்டில் எழுதினார். எழுதியதை என்னிடம் காட்டவும் செய்தார். நல்ல மனிதர். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மாதம் ஆனது உத்தரவு வர. கூடுதலாகக் கட்டிய 1,212 ரூபாயைக் காசாகத் தரவில்லை, அடுத்து வரும் வரியில் கழித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஏப்ரலில் தளத்தில் எண்ணைப் போட்டபோது திரையில் அம்மாவின் பெயர் வந்தது, பரப்பு 1,060. கட்ட வேண்டிய தொகை 60 ரூபாய்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார், இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று என்னையும் பார்க்கச் சொன்னார், பிறகுதான் கட்டச் சொன்னார்.